நெடுந்தீவுக் குதிரைகளும் நமது கடனும்



திருகோணமலையில் வாழ்பவர்க்குப் புள்ளிமான் அண்டை வீட்டாரைப் போன்றது. பிரெடெரிக் கோட்டையின் வாயிலைக் கடந்து கோணேசர் ஆலயத்தை நோக்கி ஏறும் வழியில் மான்கள் மரநிழலிற் படுத்திருக்கும். மாலை வேளையில் நகரத் தெருக்களிலும் அவை நடந்து வரும். அடியவர் கொடுக்கும் பழத்தை உண்ணும்; பழம் இருந்த பொலித்தீன் பையையும் சேர்த்தே உண்டுவிடும். துறைமுகத்தின் மறுபுறத்தே, சீனன்குடாவை அடுத்த காட்டில், இரண்டாம் உலகப் போருக்கு முன் ஆங்கிலேயர் கட்டிய பெரும் எண்ணெய்க் குதங்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. 1957ஆம் ஆண்டில் ஆங்கிலக் கடற்படை இத்துறைமுகத்தை விட்டு நீங்கியது. குதங்கள் அவ்விடத்திலேயே நின்றன. கைவிடப்பட்ட இரும்பு துருப்பிடிக்கும். ஆயினும் அதற்குப் பசியும் தாகமும் இல்லை. உயிருள்ள ஒன்றை ஆள்வோர் வளர்த்து, பெருக்கி, பின் விட்டுச் சென்றால் அதன் கதி யாது? இக்கேள்வி என் உள்ளத்தில் எழுந்தது திருகோணமலையில் அன்று, நெடுந்தீவில்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பாடசாலை மாணவர் சிலரை வரலாற்றுச் சுற்றுலாவாக அத்தீவுக்கு அழைத்துச் சென்றேன். குறிகட்டுவானிற் படகேறிக் கடல் கடந்து இறங்கினோம். பவளப் பாறைக் கற்களை அடுக்கிக் கட்டிய வேலிகளையும், பெருக்கு மரத்தையும், ஒல்லாந்தர் காலத்துக் குதிரை லாயத்தின் எஞ்சிய கற்றூண்களையும் கண்டோம். அப்பால் விரிந்த வெளியில் குதிரைகள் சில மேய்ந்து கொண்டிருந்தன. உருவிற் சிறியவை, மட்டக் குதிரைகள். விலா எலும்புகளை எண்ணிவிடலாம் போலிருந்தது. அது கோடைக்காலம். மாணவன் ஒருவன் அவற்றைச் சிறிது நேரம் நோக்கி நின்று, "சேர், இந்தக் குதிரைகளுக்கு யார் சொந்தக்காரர்?" என்று கேட்டான். "ஒருவரும் இல்லை" என்று சொல்ல வாயெடுத்த நான் நிறுத்திக் கொண்டேன். வரலாறு கற்பிப்பவன் அவ்வளவு எளிதாக விடை சொல்லித் தப்பிவிடல் ஆகாது என்று தோன்றியது. அன்று அவனுக்குச் சொல்லாத விடையை இன்று உங்கள் முன்னிலையில் தேட முயல்கின்றேன்.

குதிரை நம் மண்ணில் இயற்கையாகத் தோன்றிய விலங்கன்று. தமிழகத்துக்கும் ஈழத்துக்கும் அது கடல் வழியே பெரிதும் வந்து சேர்ந்தது. காவிரிப்பூம்பட்டினத்துத் துறையில் கடல் வழியே வந்திறங்கிய குதிரைகளைப் பட்டினப்பாலை குறிப்பிடுகின்றது. பாண்டியனுக்குக் குதிரை வாங்கப் பொன்னோடு சென்ற மாணிக்கவாசகர் திருப்பெருந்துறையில் ஆட்கொள்ளப்பட்டதையும், இறைவன் நரிகளைப் பரிகளாக்கியதையும், அவை இரவில் மீண்டும் நரிகளாகி லாயத்துக் குதிரைகளைக் கடித்துக் குதறியதையும் அறியாத சைவக் குழந்தை இல்லை. கதையின் சமயப் பொருள் ஒருபுறம் நிற்க, அரசனின் கருவூலத்துப் பொன் குதிரைக்காகக் கடற்றுறைக்குச் சென்ற காலம் ஒன்று இருந்தது என்பதை அக்கதை நன்கு காட்டுகின்றது.

நெடுந்தீவுக்கு அண்மையிலுள்ள நயினாதீவில் தமிழ்க் கல்வெட்டு ஒன்று உண்டு. 12ஆம் நூற்றாண்டில் பொலன்னறுவையிலிருந்து ஆண்ட முதலாம் பராக்கிரமபாகுவின் ஆணை அது. ஊராத்துறைக்கு வரும் பிற நாட்டு வணிகரைக் காக்க வேண்டும் என்று கூறும் அவ்வாணை, கப்பல் உடைந்தால் என்ன செய்வது என்பதையும் வகுத்துரைக்கின்றது. வேறு பண்டங்கள் ஏற்றி வந்த கப்பல் உடைந்தால் அரசுக்குப் பாதி, உடையவனுக்குப் பாதி. யானையும் குதிரையும் ஏற்றி வந்த கப்பலாயின் அரசுக்குக் காற்பங்கு மட்டுமே. முக்காற் பங்கு உடையவனுக்கு. குதிரை கொண்டுவருவோரின் மனம் தளரக் கூடாது என்று மன்னன் கருதினான் போலும். சிங்கள நாட்டு வேந்தன் தமிழில் எழுதுவித்த ஆணையொன்றில் குதிரைக்கு இத்துணைச் சலுகை கிடைத்தது என்பது நினைக்கத்தக்கது.

வாங்குவதில் இத்துணை ஆர்வம் காட்டிய மன்னர், வாங்கியதைப் பேணுவதில் எப்படி இருந்தனர்? 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாண்டிய நாட்டுக்கு வந்த மார்க்கோ போலோ இதற்கு வருந்தத்தக்க சான்று தருகின்றார். பாண்டிய மன்னர் ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கிற் குதிரைகளை வாங்கினர் என்றும், பேணத் தெரிந்தவர் இல்லாமையால் ஆண்டு முடிவில் நூறுகூட உயிரோடு எஞ்சுவதில்லை என்றும் அவர் எழுதினார். குதிரை வணிகர் லாடம் அடிக்கவும் மருத்துவம் பார்க்கவும் தெரிந்தவரை உடன் கொண்டுவருவதில்லை. இறந்தாற்றானே அடுத்த ஆண்டும் விற்கலாம்! பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் ஒரு குதிரையின் விலையை 220 பொற்காசு என்று கணக்கிட்டார். வறுத்த தானியமும் நெய்யும் ஊட்டிக் குதிரைகளை இங்கே கெடுத்தனர் என்றும் குறை கூறினார். மார்க்கோ போலோவின் மற்றுமொரு கூற்று நம் பொருளுக்கு மிக நெருங்கியது. உயர்ந்த சாதிப் பொலிகுதிரையையும் உயர்ந்த பெட்டையையும் இந்நாட்டிற் சேர்த்தாலும் பிறக்கும் குட்டி கால் கோணிய, சவாரிக்கு உதவாத குட்டியாகவே இருக்கும் என்றார் அவர். பயணியின் மிகைக்கூற்று இதிற் சிறிது கலந்திருக்கலாம். எனினும் நல்ல குருதி மட்டும் நல்ல குதிரையை ஆக்காது. ஏற்ற புல்லும் நீரும் அறிந்த கையும் வேண்டும் என்ற உண்மை அதனுள் அடங்கியிருக்கின்றது.

இனி நெடுந்தீவுக்குத் திரும்புவோம். போர்த்துக்கேயர் அதனைப் பசுத்தீவு என்று பொருள்படும் பெயரால் அழைத்தனர். மேய்ச்சல் நிலமாகவே அத்தீவு அவர்கள் கண்ணுக்குப் பட்டது. குதிரைகளையும் அவர்களே அங்கு விட்டனர் என்பர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் தீவுகளுக்கெல்லாம் தம் நாட்டு நகரங்களின் பெயரைச் சூட்டினர். அவற்றுள் நெடுந்தீவுக்கு இட்ட டெல்ஃப்ட் என்ற பெயரே நிலைத்து நின்றது. கம்பனியார் அங்கே குதிரை வளர்ப்பை ஒழுங்கான தொழிலாக்கினர். வெளிநாட்டுப் பொலிகுதிரைகளைக் கொண்டுவந்து தீவுப் பெட்டைகளோடு சேர்த்துக் கலப்பினக் குட்டிகளைப் பெற்றனர். தீவுக் குதிரை வெயிலையும் உவர்நிலப் புல்லையும் தாங்கும். அயற்குதிரை உயரமும் வேகமும் உடையது. இரண்டின் நன்மையும் ஒரே குட்டியில் வந்து கூடும் என்பதே கலப்பின வளர்ப்பின் எதிர்பார்ப்பு. 1697இல் யாழ்ப்பாணத் தளபதி ஹென்றிக் ஸ்வார்டெக்ரோன் தமக்குப் பின் பொறுப்பேற்போர்க்காக எழுதிய நினைவேட்டில், வரியும் யானை வணிகமும் பேசப்படும் இடத்திலேயே குதிரை வளர்ப்பும் பேசப்படுகின்றது.

இத்தொழிலுக்குத் தீவு ஏன் உகந்ததாயிற்று? விடை எளியது. கடலே வேலி. வேலி கட்டச் செலவில்லை. காவலாளும் பலர் வேண்டா. குதிரை எங்கும் ஓடிவிடாது. வேண்டும்போது வளைத்துப் பிடிக்கலாம். செலவை மிச்சப்படுத்திய அந்தக் கடல்வேலியை, நேயர்களே, சற்று நினைவில் வைத்திருங்கள். கதையின் பிற்பகுதியில் அது வேறு முகம் காட்டும்.

1795இல் திருகோணமலையையும் யாழ்ப்பாணத்தையும் ஆங்கிலேயர் கைப்பற்றியபோது, நெடுந்தீவுக் குதிரைகளும் கைம்மாறின. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லெப்டினன்ட் நோலன் என்ற படை அதிகாரி தீவின் பொறுப்பை வகித்தார். அவர் காலத்திலும் குதிரை வளர்ப்பு நடந்தது. அவரைப் பற்றிய கதைகளைத் தீவார் இன்றும் சொல்வர். ஆனால் அந்நூற்றாண்டின் போக்கு தீவுக் குதிரைக்குப் பாதகமாயிற்று. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியிலிருந்து 'வேலர்' எனப்பட்ட உயர்ந்த குதிரைகள் இந்தியப் படைக்குக் கப்பல் கப்பலாக வரத் தொடங்கின. பின்னர் புகைவண்டி வந்தது. அதன் பின் மோட்டார் வண்டி வந்தது. சிறிய குதிரைக்குச் சந்தை இல்லாமற் போயிற்று. சந்தை போனதும் அக்கறையும் போயிற்று. லாயத்தின் கூரை வீழ்ந்தது. பொலிகுதிரைகள் வருவது நின்றது. பிடித்து விற்பாரும் இல்லை. குதிரைகள் மட்டும் இருந்தன, தாமே பெருகின.

ஈழத் தமிழில் 'கட்டாக்காலி' என்றொரு சொல் வழங்குகின்றது. கட்டி வளர்க்காமல் அலையவிட்ட கால்நடையை அவ்வாறு அழைக்கிறோம். பயிரை மேய்ந்தால் விலங்கைத் திட்டுவோம். அதனைக் கட்டாமல் விட்டவன் ஒருவன் எங்கோ உளன் என்பதைச் சொல்லே நமக்கு நினைவூட்டுகின்றது. நெடுந்தீவுக் குதிரைகளைக் காட்டுக் குதிரைகள் என்று அழைக்கின்றோம். உண்மையில் அவை வரலாற்றின் கட்டாக்காலிகள். அவற்றின் முன்னோரைக் கப்பலில் ஏற்றிக் கொண்டுவந்தது மனிதன். இன்னதோடு இன்னது சேர்க என்று தீர்மானித்ததும் மனிதன். தன் விருப்பத்தால் தோற்றுவித்த உயிர்களைத் தன் இலாபம் முடிந்ததும் கைவிட்டதும் அவனே.

கலப்பின வளர்ப்பே பாவம் என்று நான் கூற வரவில்லை. நாம் பயிரிடும் நெல்லும், கறக்கும் பசுவும், வீட்டைக் காக்கும் நாயும் மனிதன் தேர்ந்து பெருக்கியவையே. ஆயினும் ஓருயிரைத் திட்டமிட்டுத் தோற்றுவிப்பவன் மூன்று கேள்விகளுக்கு விடை சொல்லக் கடமைப்பட்டவன் என்பேன்.

முதலாவது, யாருக்காக? பிறக்கும் விலங்குக்கும் அதனால் நன்மை உண்டா, வாங்குவோனின் பெருமைக்கும் விற்போனின் பெட்டிக்கும் மட்டுமே நன்மையா?

இரண்டாவது, எந்த நிலத்தில்? 1938ஆம் ஆண்டில் கேம்பிரிட்ஜில் வால்ட்டன், ஹாமண்ட் என்னும் இரு அறிஞர் பேருருவம் படைத்த ஷயர் குதிரையையும் மிகச் சிறிய ஷெட்லாண்ட் மட்டக் குதிரையையும் கலந்து சோதித்தனர். இரு புறமும் குருதி ஒன்றே. ஆயினும் சிறிய தாய்க்குப் பிறந்த குட்டி சிறிதாகவும், பெரிய தாய்க்குப் பிறந்த குட்டி அதனினும் மூன்று மடங்கு அளவில் நிறை மிக்கதாகவும் பிறந்தன. தாயின் கருப்பை தன்னால் தாங்கக்கூடிய அளவுக்கே குட்டியை வளரவிட்டது. தாயின் உடலுக்கு இருக்கும் இந்த அளவறிவு வளர்ப்போனுக்கு இருக்கவேண்டாவா? நிலமும் ஒரு தாயே. அது தாங்கும் அளவுக்கு மேல் பெருக்குவது நிலத்துக்கும் கேடு, பிறப்பதற்கும் கேடு.

மூன்றாவது, எதுவரை? பெட்டைக் குதிரை பதினொரு மாதம் சுமந்து ஒரு குட்டியை ஈனுகின்றது. அக்குட்டி நன்கு பேணப்பட்டால் இருபத்தைந்து, முப்பது ஆண்டுகள் வாழும். உழைக்கும் காலம் அதில் ஒரு பகுதியே. எஞ்சிய ஆண்டுகளில் அதற்குப் புல் எங்கே, நீர் எங்கே, நிழல் எங்கே என்பதைப் பொலிகுதிரையை அவிழ்த்து விடுமுன்னரே எண்ணியிருத்தல் வேண்டும். நெடுந்தீவில் முதலிரண்டு கேள்விகளுக்கு ஓரளவு விடை இருந்தது. மூன்றாவதை எவரும் கேட்கவில்லை.

அதன் விளைவை இன்று காண்கிறோம். பல நூறு குதிரைகள் அத்தீவில் வாழ்கின்றன. நெடுந்தீவில் நன்னீர் அருமை. பல கிணறுகளில் நீர் உவர்ப்பாகவே இருக்கும். சாராப்பிட்டிப் பகுதியின் நன்னீர்க் கிணறுகளைத் தீவார் போற்றுவதும் அதனாலேயே. மழை பொய்த்த ஆண்டுகளில் குளங்களும் பள்ளங்களும் வற்ற, நீரின்றிக் குதிரைகள் மாண்ட செய்தியைப் பலமுறை கேட்டிருக்கின்றோம். பெருநிலத்தில் வாழும் காட்டு விலங்கு ஓரிடத்தில் நீர் வற்றினால் வேறிடம் தேடிப் போகும். நெடுந்தீவுக் குதிரை எங்கே போகும்? அன்று வளர்ப்போனின் செலவை மிச்சப்படுத்திய அதே கடல்வேலி, இன்று அவற்றைத் தாகத்தோடு அடைத்து வைத்திருக்கின்றது. "அவை சுதந்திரமாக வாழட்டும், மனிதன் தலையிட வேண்டா" என்று சொல்வோர்க்கு என் மறுமொழி இதுவே: வேலியை அமைத்தது நாம், வேலிக்குள் நீர் வைப்பதும் நம் பொறுப்பு.

2015ஆம் ஆண்டில் தீவின் 1,846 எக்டேர் பரப்புத் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. அது நற்செய்தி. ஆயினும் வர்த்தமானியில் வரும் எல்லைக்கோடு தொட்டியில் நீரை நிரப்பாது. அன்றியும், அதே புல்லையும் அதே நீரையும் நம்பித் தீவாரின் மாடுகளும் ஆடுகளும் உள்ளன. தண்ணீர்க் குடத்தோடு காத்திருக்கும் தாயிடம் சென்று குதிரைக்கு இரங்குக என்று உபதேசம் செய்வது எளிது. திருகோணமலையிலிருந்து செய்வது மிக எளிது. தீவாருக்கு நீர் கிடைத்தாலன்றிக் குதிரைக்கும் கிடையாது.

அப்படியானால் மிகுதியான குதிரைகளுக்கு வேறு வீடு தேடித் தரலாமா? இதற்கு உலகில் முன்மாதிரி உண்டு. அமெரிக்காவின் கிழக்குக் கரையில் அசட்டீக் என்றொரு நீண்ட தீவு. அங்கும் மனிதன் விட்ட குதிரைகள் தாமே பெருகின. வர்ஜீனியா மாநிலத்துக்குரிய பகுதியில் உள்ள குதிரைகளை சின்கோட்டீக் ஊரின் தொண்டர் தீயணைப்புப் படை பேணுகின்றது. 1925ஆம் ஆண்டு தொடங்கி, சூலை மாதத்தில் குதிரைகளைக் கால்வாய் நீந்தச் செய்து ஊருக்குக் கொண்டுவந்து, குட்டிகளை ஏலத்தில் விற்கின்றனர். பெரிய குதிரைகளின் தொகை 150ஐக் கடவாமற் காக்கப்படுகின்றது. குருதி தேயாதிருக்க வெளிக் குதிரைகளையும் அவர்கள் கலந்ததுண்டு. 1939இல் இருபது மஸ்டாங் குதிரைகளை அங்கே விட்டனர். மேரிலாந்து மாநிலத்துக்குரிய மறுபகுதியில் வழி வேறு. அங்கே விற்பனை இல்லை. 1994 முதல் பெட்டைக் குதிரைகளுக்குத் தூரத்திலிருந்து ஊசி எய்து கருத்தடை செய்து தொகையை அளவில் வைக்கின்றனர். ஒரே தீவு, இரு வழிகள். இரண்டிலும் பொதுவானது ஒன்றுண்டு: யாரோ ஒருவர் பொறுப்பேற்று ஆண்டுதோறும் எண்ணிப் பார்க்கின்றனர்.

நம் நாட்டிலேயே மன்னாரை நோக்குங்கள். ஒரு காலத்தில் பொதி சுமந்த கழுதைகளின் வழிவந்தவை அந்நகரத் தெருக்களில் அலைகின்றன. அவற்றுக்கென மருத்துவ நிலையமும் கல்வி நிலையமும் அங்கே அமைந்தன. அடிபட்ட கழுதைக்கு மருந்திடுவதோடு, குழந்தைகள் அவற்றோடு பழகவும் அங்கு வழி செய்தனர். ஏளனத்துக்கு உரியதாக நாம் கருதிய விலங்குக்கு இது நடந்ததென்றால், குதிரைக்கு நடவாதா?

எனினும் வீடு தேடுவதில் எச்சரிக்கை வேண்டும். ஏலத்தில் உயர்ந்த விலை கேட்டவன் நல்ல வீடு உடையவன் என்பதற்குச் சான்றில்லை. பாண்டிய மன்னரை விட உயர்ந்த விலை கொடுத்தவர் யார்? குதிரை கூட்டமாக வாழும் உயிர். தனியே ஒரு மரத்திற் கட்டினால் ஏங்கும். அதன் குளம்பைச் சீர்செய்யத் தெரிந்தவர் வேண்டும். மருத்துவர் எட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும். ஆண்டு முழுதும் புல்லும் நீரும் வேண்டும். விடுமுறைக்கு வருவோர் ஏறி விளையாடுவதற்காக வாங்கி, மழைக்காலத்தில் தெருவில் விடுவோனுக்குக் கொடுத்தால், ஒரு கட்டாக்காலியை மற்றோர் ஊருக்கு மாற்றினோம் என்பதன்றி வேறு பயனில்லை. ஆதலால் எழுத்து மூலம் உடன்படிக்கை வேண்டும். கொடுத்தபின் சென்று பார்க்கும் வழக்கமும், பேண இயலாதவன் திருப்பித் தரும் வழியும் வேண்டும்.

என் சிற்றறிவுக்கு எட்டிய முறை இது. கோடைக்கு முன் நீர்த்தொட்டிகளை நிரப்புவதே முதல் வேலை. அடுத்து ஆண்டுதோறும் எண்ணி, நோயுற்றவற்றுக்கு மருத்துவம் செய்தல். பிறப்பை அளவில் வைக்கக் கருத்தடையோ, ஆண் குதிரைகளிற் சிலவற்றை மருத்துவர் கையால் நலமடித்தலோ செய்தல். பார்வையாளரைக் கவர அழகிய உயர்சாதிக் குதிரைகளைக் கொண்டுவந்து கலப்போம் என்று எவரேனும் கூறின், மேற்சொன்ன மூன்று கேள்விகளுக்கும் விடை தரும்வரை அதனை மறுத்தல். இவற்றிற்குப் பின்னரும் தீவு தாங்காதவற்றுக்கு மட்டுமே வேற்று வீடு. இவை அனைத்திலும் நெடுந்தீவு மக்களின் சொல்லுக்கே முதலிடம்.

அந்நாளில் அம்மாணவன் இன்னொன்றும் செய்தான். தன் போத்தலில் இருந்த நீரைப் பாறைக் குழி ஒன்றில் ஊற்றிவிட்டுக் குதிரையை நோக்கிக் கைநீட்டி அழைத்தான். அது வரவில்லை. "நாங்கள் தள்ளிப் போவோம், சேர்" என்றான். நாங்கள் நெடுந்தூரம் விலகிய பின்னர் ஒரு பெட்டைக் குதிரை மெல்ல வந்து அந்நீரைக் குடித்தது. வேண்டியதை வைத்துவிட்டு விலகி நிற்பதும் பேணுதலின் ஒரு வகை என்பதை அவனிடம் நான் கற்றேன்.

அவன் கேள்விக்கு இப்போது விடை சொல்லலாம். இக்குதிரைகளைத் தமது என்று சொல்லி விற்றவர் மூவரும் கப்பலேறிப் போய்விட்டனர். அவர் பெற்ற இலாபத்தில் நமக்குப் பங்கில்லை. ஆனால் கோட்டையையும் துறைமுகத்தையும் எம்முடையவை என்று உரிமையோடு ஏற்றுக் கொண்ட நாம், அவற்றோடு சேர்ந்து வந்த கடனை மட்டும் எம்முடையதன்று என்று தள்ளிவிடல் முறையாகாது. தம்பி, சொந்தக்காரர் நாமே.